வெஸ்பர் தியரில மார்க் கோட்டை விடுற இடங்க

வெஸ்பர் (VSEPR) தியரின்னா, நடு அணுவ சுத்தி இருக்குற எலக்ட்ரான் ஜோடிங்க ஒன்னையொன்னு தள்ளி விலகி நிக்கும், அத வச்சு மூலக்கூறோட ஷேப்ப சொல்றது. இதுல செனான் டெட்ராஃப்ளூரைடு (XeF4) ஷேப் என்னன்னு கேட்டா பாதி பேரு யோசிக்காம டெட்ராஹீட்ரல்னு (நான்முகி) எழுதிடுறாங்க, நாலு ஃப்ளூரின் இருக்குல்ல, மீத்தேன்லயும் நாலு ஹைட்ரஜன்தான, அப்ப அதே ஷேப்புதான்னு. பேப்பர் திருத்துறப்ப நான் அதிகமா பாக்குற தப்பே இதுதான். சுத்தி ஒட்டியிருக்குற அணுவ எண்ணுறாங்க, பாண்டுல (பிணைப்புல) சேராம நடு அணுமேல சும்மா உக்காந்திருக்குற எலக்ட்ரான் ஜோடிய, அதாவது லோன் பேர எண்ணவே மாட்டேங்குறாங்க. செனானுக்கு வெளி ஷெல்லுல 8 எலக்ட்ரான், பாண்டுக்கு 4 போச்சு, மிச்சம் 4, அதாவது ரெண்டு லோன் பேர். பாண்டு ஜோடி 4ஐயும் சேத்தா ஆக மொத்தம் 6 ஜோடி, ஆக்டாஹீட்ரலா (எண்முகியா) நிக்கும், லோன் பேர் ரெண்டும் ஒன்னுக்கொன்னு ஆகாம மேல ஒன்னு கீழ ஒன்னுன்னு போயிடும், நாலு ஃப்ளூரினும் நடுவுல ஒரே தளத்துல சதுரமா நிக்கும். மீத்தேன்ல கார்பனுக்கு வெளிய இருக்குறதே 4தான், எல்லாம் பாண்டுக்கே செலவாயிடுது.

அப்புறம் ஜோடிங்க நிக்கிற அமைப்பு வேற, ஷேப் வேற. தண்ணில நாலு ஜோடியும் டெட்ராஹீட்ரலாதான் நிக்குது, ஆனா ஷேப்புன்னா அணு இருக்குற இடத்த மட்டும்தான் பாக்கணும், அதனால வளைஞ்ச வடிவம். ஆங்கிளும் மீத்தேன்ல 109.5, அம்மோனியால 107, தண்ணில 104.5ன்னு குறைஞ்சுட்டே வருது பாருங்க, ஏன்னா பாண்டுல இருக்குற ஜோடிய (பாண்ட் பேர) ரெண்டு நியூக்ளியஸ் ஆளுக்கொரு பக்கம் புடிச்சு இழுக்குது, லோன் பேருக்கு ஒன்னுதான், அதனால அது பஸ் சீட்டுல கால அகட்டி உக்கார்ற ஆளு மாதிரி பக்கத்துல இருக்குறவங்கள நெருக்குது. ஒரு லோன் பேருக்கு 2.5 டிகிரி குறையும்னு ஒரு குறுக்குவழி சுத்துது, நம்பாதீங்க, ஹைட்ரஜன் சல்ஃபைடுலயும் ரெண்டு லோன் பேர்தான், ஆங்கிள் என்னவோ 92 கிட்ட.

டபுள் பாண்ட ரெண்டா எண்ணாதீங்க, கார்பன் டை ஆக்சைடுல ஜோடி நாலுன்னாலும் திசை ரெண்டுதான், அதான் நேர்கோடு. அயனின்னா சார்ஜயும் கணக்குல சேருங்க, ஹைட்ரோனியத்துல (H3O+) பிளஸ்ஸுக்கு ஒரு எலக்ட்ரான கழிக்க மறந்தா மொத்தமும் போச்சு.

நல்லா படிக்கிறவங்களே சறுக்குறது சல்ஃபர் டெட்ராஃப்ளூரைடுல. 5 ஜோடி, மேல ஒன்னு கீழ ஒன்னு, நடு வட்டத்துல மூணுன்னு நிக்கும், அதுல ஒன்னு லோன் பேர், அத எங்க வைக்கிறது? மேல கீழ இருக்குற அச்சுல வச்சா 90 டிகிரில மூணு ஜோடி இடிக்கும், நடு வட்டத்துல வச்சா ரெண்டுதான் இடிக்கும். அதனால அது நடுவுலதான் உக்காரும், மிச்ச நாலு ஃப்ளூரின சாய்ச்சுப் பாத்தா பார்க்குல இருக்குற சீசா பலகை அப்படியே தெரியும்.