டுரானையும் விட்டேக்கரையும் ஒரே ரிங்கில் நிறுத்துவது எப்படி

வெவ்வேறு காலத்துக் குத்துச்சண்டை வீரர்களான ராபர்ட்டோ டுரானும் பெர்னல் விட்டேக்கரும் லைட்வெயிட் (135 பவுண்டு வரையிலான) பிரிவில் மோதியிருந்தால் யார் வென்றிருப்பார் என்று கேட்டால், பெரும்பாலோர் இருவருடைய வாழ்நாள் சாதனைகளை எடைபோட்டு உடனே ஒரு பெயரைச் சொல்லிவிடுகிறார்கள். இருவரையும் மதிக்கும் ஒருவர் இந்தக் கற்பனையை இன்னும் பொறுப்புடன் செய்ய வேண்டும் என்பது என் எண்ணம். யார் பெரியவர் என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டு, எந்த நாளின் டுரான், எந்த நாளின் விட்டேக்கர், எந்த விதிகள் என்ற மூன்றையும் முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நாளைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். 1980இல் மான்ட்ரியலில் சுகர் ரே லெனார்டை டுரான் வென்றது அதைவிடக் கனமான வெல்டர்வெயிட் பிரிவில். 135 பவுண்டு சண்டைக்கு அந்தப் புகழைக் கொண்டுவரக் கூடாது. 1972 ஜூனில் கென் புகானனிடமிருந்து லைட்வெயிட் பட்டத்தைப் பறித்த டுரானிடம் ஆவேசம் மிகுதி. 1978 ஜனவரியில் எஸ்தபான் டி ஹெசூஸை 12ஆம் சுற்றில் வீழ்த்திய டுரானிடம் அதே ஆவேசத்துடன் நிதானமும் சேர்ந்திருந்தது. நான் 1978ஐ எடுத்துக்கொள்கிறேன். விட்டேக்கருக்கு, ஹோசே லூயிஸ் ராமிரெஸை இரண்டாம் முறை சந்தித்துத் தெளிவாக வென்ற 1989 ஆகஸ்ட் பொருத்தமானது.

அடுத்தது விதிகள். 1982 நவம்பர் 13 அன்று ரே மன்சினியுடன் மோதி 14ஆம் சுற்றில் வீழ்ந்த கொரிய வீரர் கிம் டுக்-கூ சில நாட்களில் இறந்துபோனார். அதுவும் ஒரு லைட்வெயிட் பட்டச் சண்டைதான். அந்தத் துயரத்திற்குப் பிறகே பட்டச் சண்டைகள் படிப்படியாக 15 சுற்றுகளிலிருந்து 12 சுற்றுகளாகக் குறைந்தன. ஆகவே டுரான் 15 சுற்றுகளுக்குப் பழகியவர், விட்டேக்கர் 12 சுற்றுகளுக்குப் பழகியவர். எடை பார்க்கும் நேரத்தையும் மறக்காதீர்கள்: டுரானின் காலத்தில் சண்டை நாளன்றே எடை பார்ப்பது வழக்கம், இன்றோ முந்தைய நாளே பார்த்துவிடுகிறார்கள். உடலை வற்றச் செய்து எடையைக் குறைத்தவருக்கு அந்த ஓர் இரவின் உணவும் நீரும் மிகப் பெரிய உதவி.

இன்னும் பழைய வீரர்களை எடுத்தால் எச்சரிக்கை கூடுதலாக வேண்டும். 1906இல் நெவாடாவின் கோல்டுஃபீல்டில் ஜோ கான்ஸ், பேட்லிங் நெல்சனின் விதிமீறலால் 42ஆம் சுற்றில் வென்ற சண்டை படமாக்கப்பட்டது. ஆனால் அக்காலப் படச்சுருளின் துள்ளும் வேகத்தை வைத்து வீரரின் வேகத்தை அளக்க முடியாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்து லைட்வெயிட் வீரர் பென்னி லெனார்டின் பல சண்டைகளுக்கு அதிகாரபூர்வத் தீர்ப்பே கிடையாது, மறுநாள் பத்திரிகைகள் சொன்னதுதான் முடிவு.

இனி, ஒவ்வொருவரும் மற்றவரைப் போன்ற ஆளை எப்படிச் சமாளித்தார் என்று தேடுங்கள். டி ஹெசூஸ் 1972இலும் 1974இலும் முதல் சுற்றிலேயே இடக்கை ஹூக்கால் (பக்கவாட்டில் வளைந்து வரும் குத்தால்) டுரானைத் தரையில் சாய்த்தவர். ஆக, தொடக்கத்தில் வேகமான எதிர்க்குத்து டுரானைத் தொடும். 1993இல் சான் அன்டோனியோவில் ஹூலியோ சீசர் சாவேஸ் விடாமல் முன்னேறியும் விட்டேக்கரை அடக்க முடியவில்லை. அந்தச் சண்டை சமன் என்று அறிவிக்கப்பட்டாலும் விட்டேக்கரே வென்றார் என்பது பலருடைய கருத்து, எனக்கும் அதுவே. எனினும் சாவேஸ் பெரும்பாலும் நேர்கோட்டில் வருபவர். டுரான் தோளை அசைத்துப் பொய்க்குத்துக் காட்டி, அது தப்பிய வேகத்திலேயே உள்ளே புகுந்துவிடுவார்.

அதன்பின் இருவரின் காணொளிகளையும் கால்களை மட்டும் கவனித்து ஒருமுறை பாருங்கள். இடக்கை நிலைக்காரரான, அதாவது வலக்கால் முன்னே வைத்து நிற்பவரான விட்டேக்கர் தம் வலப்பாதத்தை எதிராளியின் இடப்பாதத்திற்கு வெளியே வைத்து, முழங்கால் மடங்கித் தாழும்போது, குத்து தலைக்கு மேல் காற்றில் போகிறது. டுரானோ நெற்றியை எதிராளியின் தாடைக்குக் கீழே செருகி, ஒரு கையால் அவர் புஜத்தை அழுத்திக்கொண்டு, மறுகையால் விலாவில் குத்துகிறார். தாழ்ந்த தலையைத் தேடாமல் விலாவைத் தேடும் ஒருவர் விட்டேக்கருக்கு எதிரில் நிற்கும்போதுதான் இந்தக் கற்பனைக்கு உயிர் வருகிறது.

கடைசியாக, முடிவை முன்கூட்டித் தீர்மானிக்காமல் சுற்றுச் சுற்றாக எழுதுங்கள். என் தாளில் முதல் ஐந்து சுற்றுகளில் நான்கு விட்டேக்கருக்கு. முன்கையால் விடும் நேர்க்குத்தான ஜாப் ஒவ்வொன்றும் டுரானின் வருகையைக் கலைக்கிறது. ஆறும் ஏழும் விட்டேக்கருடையவை. எட்டிலும் ஒன்பதிலும் டுரான் நெருங்கி நின்று விலாவைப் பதம் பார்க்கிறார். பத்து முதல் பன்னிரண்டு வரை டுரானுக்கு இரண்டு. அங்கே நிறுத்தினால் விட்டேக்கர் 7-5 என வெல்கிறார். 15 வரை நீட்டினால், கால்கள் கனத்துப்போன விட்டேக்கரிடமிருந்து கடைசி மூன்றையும் பறித்து டுரான் 8-7 என முந்துகிறார்.

பிறகு நடுவரை மாற்றி அதே சண்டையை மீண்டும் எழுதிப் பாருங்கள். நெருங்கியவர்களை உடனுக்குடன் விலக்கிவிடும் ஒருவரை நிறுத்தினால் எட்டும் ஒன்பதும் விட்டேக்கர் பக்கம் சாய்கின்றன. அப்போது 15 சுற்றுகள்கூட டுரானுக்குப் போதவில்லை.