வெனிஸ் முதல் தடவை போறீங்களா? ட்ரெயின் இறங்கினதுல இருந்து ரூம் கதவு வரைக்கும், அப்புறம் மத்ததெல்லாம்

விசா, ஃபிளைட், இன்சூரன்ஸ் பத்தி ஏற்கனவே நிறைய பேர் எழுதிட்டாங்க, அதுக்குள்ள நான் போகலை. வெனிஸ் வந்து சேர்ந்ததும் என்ன பண்ணணும், அது மட்டும்தான் இங்க. மத்த ஊர்ல கைகொடுக்கற பழக்கம் பாதி இங்க செல்லாது, ஏன்னா தீவுக்குள்ள கார் கிடையாது, டாக்சினா அதுவும் படகுதான், சைக்கிள் ஓட்டக்கூட அனுமதி இல்ல. நூத்துக்கும் மேல குட்டித் தீவு, 400க்கும் மேல பாலம், முக்காவாசிப் பாலத்துல படிக்கட்டு. அதனால முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், பெரிய ட்ராலி பெட்டி வேண்டவே வேண்டாம், முதுகுல மாட்டற பேக்தான் இந்த ஊருக்கு.

ஸ்டெப் 1: தங்கற இடம்

புக்கிங் சைட்ல "வெனிஸ்"னு போட்டு விலை கம்மியா வர்றதுல பாதி மெஸ்த்ரேல இருக்கும். மெஸ்த்ரே கரைப்பக்கம், தீவு கிடையாது. அங்கிருந்து ட்ரெயின்ல பத்து பன்னெண்டு நிமிஷம்தான், டிக்கெட்டும் ரெண்டு யூரோ ஆகாது, பட்ஜெட் இடிச்சா தாராளமா அங்க தங்கலாம். ஆனா என்னைக் கேட்டா மெஸ்த்ரேல ரெண்டு ராத்திரிக்குப் பதிலா தீவுக்குள்ள ஒரே ஒரு ராத்திரி தங்குங்க. காலைல வந்த கூட்டமெல்லாம் சாயங்காலம் ட்ரெயினப் புடிச்சு, பஸ்ஸப் புடிச்சுக் கிளம்பிடும், அதுக்கப்புறம் ஒரு கேம்போல (சதுக்கத்த அங்க அப்படித்தான் சொல்றாங்க) புள்ளைங்க பந்து விளையாடறதும் பெரியவங்க நின்னு பேசறதும் பாத்தாதான் இது ஜனங்க வாழற ஊருன்னே மனசுல படும். ஏரியா கேட்டா கன்னரேஜியோ இல்லன்னா தோர்சோதுரோ.

ஸ்டெப் 2: நுழைவுக் கட்டணம் இருக்கற நாளானு பாருங்க

ஊருக்குள்ள வர்றதுக்கே ஒரு கட்டணம், 2024ல ஆரம்பிச்சாங்க. காலைல வந்து சாயங்காலம் திரும்பறவங்களுக்கு மட்டும், சில குறிப்பிட்ட நாள்ல மட்டும். 2025ல 54 நாள் இருந்துச்சு, காலைல 8.30ல இருந்து சாயங்காலம் 4 மணி வரைக்கும், முன்கூட்டியே கட்டினா 5 யூரோ, கடைசி நேரத்துல 10 யூரோ. எந்தெந்த நாள்னு நகராட்சியோட அஃபிஷியல் சைட்ல காலண்டரே இருக்கு, வேற சைட்ல காசு கட்டாதீங்க.

அப்டேட்: "நாங்க ஹோட்டல்ல தங்கறோம், எங்களுக்கு வேண்டாம்ல?"னு கமெண்ட்ல நிறைய பேர் கேட்டிருந்தீங்க. காசு கட்ட வேண்டாம், ஆனா அதே சைட்ல போய் விலக்குக்குப் பதிஞ்சு க்யூஆர் கோடு எடுத்துக்கணும், செக் பண்றவங்க அதைத்தான் கேப்பாங்க. மெஸ்த்ரேயும் வெனிஸ் நகராட்சிக்குள்ளதான் வருது, அதனால அங்க தங்கறவங்களுக்கும் இதே கதைதான்.

ஸ்டெப் 3: சரியான ஸ்டேஷன்

இறங்க வேண்டியது வெனேசியா சாந்தா லூச்சியா. ரயில் அதுக்கு மேல போகாது. ரீஜனல் ட்ரெயினுக்கு பேப்பர் டிக்கெட் வாங்கினா ஏறறதுக்கு முன்னாடி பிளாட்ஃபாரத்துல இருக்கற மெஷின்ல முத்திரை குத்திக்கோங்க. மொபைல் டிக்கெட்னா செக்-இன் பண்ணிட்டு ஏறுங்க.

ஸ்டெப் 4: ரூமைக் கண்டுபிடிக்கறது (இதைப் பொறுமையாப் படிங்க)

என்னை ரொம்ப நேரம் சுத்த விட்டது இதுதான், அதனாலதான் இந்தப் பதிவே. நமக்கு வர்ற அட்ரஸ்ல "கன்னரேஜியோ"ன்னு போட்டு ஒரு நாலு இலக்க நம்பர் இருக்கும், அவ்வளவுதான், தெருப் பேரே இருக்காது. ஏன்னா இங்க வீட்டு நம்பர் தெருவுக்குத் தெரு போடறதில்ல. ஊரை ஆறு பகுதியாப் பிரிச்சிருக்காங்க: கன்னரேஜியோ, காஸ்தெல்லோ, சான் மார்க்கோ, தோர்சோதுரோ, சான் போலோ, சாந்தா குரோசே. ஒவ்வொரு பகுதிக்குள்ளயும் 1ல ஆரம்பிச்சு நம்பர் ஓடிக்கிட்டே இருக்கும், காஸ்தெல்லோல 6,800ஐயும் தாண்டிப் போகும். அதனால 3200க்குப் பக்கத்து வீடு 3201ஆ இருக்கலாம், ஒரு மூலை திரும்பினா வேற நூறுலயும் இருக்கலாம். தெருப் பேரை வச்சு மட்டும் தேடினாலும் மாட்டிக்குவீங்க, காலே தெல் ஃபோர்னோன்னு ஒரே பேர்ல எத்தனையோ சந்து இருக்கு.

போன் மேப்பும் இங்க தடுமாறும். சந்து அவ்வளவு குறுகல், ரெண்டு பக்கமும் உயரமான சுவரு, நீலப்புள்ளி கால்வாய்க்கு அந்தப் பக்கம் போய் உக்காந்துக்கும். அந்தப் பக்கம் போகணும்னா பாலம் எங்கயோ இருக்கும்.

நான் இப்ப பண்றது இதுதான், இதுவரைக்கும் ஏமாத்தினதில்ல. கிளம்பறதுக்கு முன்னாடியே ரூம் ஓனருக்கு மெசேஜ் பண்ணி நாலு விஷயம் கேட்டு வாங்கிக்கோங்க: பக்கத்துல இருக்கற படகு ஸ்டாப் எது, பக்கத்துல இருக்கற கேம்போ எது, சந்தோட முழுப் பேர் என்ன, அந்த ஸ்டாப்ல இருந்து எத்தனை பாலம் ஏறி இறங்கணும். கதவோட போட்டோவும் கேளுங்க, கேட்டா சந்தோஷமா அனுப்புவாங்க. அப்புறம் ஆர்கானிக் மேப்ஸ் ஆப்ல அந்த ஏரியாவ ஆஃப்லைன்ல இறக்கி வச்சுக்கோங்க. கூகுளை விட இதுதான் எனக்குப் புடிக்கும், எந்தச் சந்து பாலத்துல முடியுது, எது தண்ணில முடியுதுன்னு தெளிவாத் தெரியும், நெட்டும் தேவையில்ல.

நடக்கும்போது புள்ளியப் பாக்காதீங்க, சுவரைப் பாருங்க. வெள்ளைக் கட்டத்துக்குள்ள கருப்பு எழுத்துல சந்துப் பேரு எழுதியிருக்கும், அந்த ஊர்க்காரங்க அதை நிசியொலேத்தின்னு சொல்வாங்க. பெரிய இடத்துக்கெல்லாம் ரியால்தோ, சான் மார்க்கோ, ஃபெரோவியா (ஸ்டேஷன்)னு அம்புக்குறி போட்ட மஞ்சப் பலகை இருக்கும். வழி தவறினா ஏதாவது ஒரு மஞ்சப் பலகையப் புடிச்சு தெரிஞ்ச இடத்துக்கு வந்துட்டு மறுபடி ஆரம்பிக்கறதுதான் சீக்கிரம்.

அப்டேட்: மேப்ல ஒரு பேரு, சுவத்துல வேற பேருன்னு ஒருத்தங்க எழுதியிருந்தாங்க. ஆமா, சுவத்துல பல இடத்துல வெனிஸ் பேச்சுமொழிலதான் எழுதியிருக்கும். மேப்ல சாந்தி ஜொவான்னி எ பாவோலோன்னு இருக்கற சர்ச்ச அங்க சான் ஸானிபோலோன்னு சொல்வாங்க. ரெண்டும் ஒண்ணுதான், பயப்படாதீங்க.

ஸ்டெப் 5: வாப்பொரெட்டோ

இந்தப் படகுதான் அந்த ஊரு டவுன் பஸ். ஒரு டிக்கெட் 75 நிமிஷத்துக்கு 9.50 யூரோ, ஒரு நாள் பாஸ் 25 யூரோ (2025 விலை). மூணு தடவை ஏறினாலே பாஸ்தான் லாபம். பாஸ் 24 மணி நேரம்ங்கறதால மதியம் 2க்கு ஆரம்பிச்சா மறுநாள் 2 வரைக்கும் ஓடும், ஒரு ராத்திரி தங்கறவங்களுக்கு அது அம்சமாப் பொருந்தும். ஒவ்வொரு தடவை ஏறும்போதும் மெஷின்ல காட்டணும். ஸ்டாப்ல ரெண்டு மூணு மிதக்கற மேடை இருக்கும், லைன் நம்பர் மட்டும் பாத்து ஏறினா எதிர்ப்பக்கம் கொண்டு போயிடும், கடைசி ஸ்டாப் பேரையும் பாத்துட்டு ஏறுங்க.

லைன் 1 கிராண்ட் கெனால் முழுக்க ஒவ்வொரு ஸ்டாப்பா நின்னு நின்னு போகும். சாயங்காலம் ஸ்டேஷன்ல இருந்து சான் மார்க்கோ வரைக்கும் அதுல ஒரு தடவை போங்க. கோண்டோலாக்கு பகல்ல அரை மணி நேரத்துக்கு 90 யூரோ, அஞ்சு பேர் வரைக்கும் ஏறலாம், விலை படகுக்குத்தான், ஆளுக்கு இல்ல. கெனாலை சும்மா குறுக்க கடக்கணும்னா 2 யூரோக்கு த்ராகெத்தோ இருக்கு, அதுவும் கோண்டோலா மாதிரிதான், ரியால்தோ மார்க்கெட் பக்கத்துலயே ஏறலாம்.

ஸ்டெப் 6: சான் மார்க்கோ

பசிலிக்காக்கு (சான் மார்க்கோ சதுக்கத்துல இருக்கற பெரிய சர்ச்) தோளும் முட்டியும் மூடியிருக்கணும், பெரிய பேக்கை உள்ள விடமாட்டாங்க. நேரம் போட்டு முன்னாடியே டிக்கெட் எடுத்துடுங்க. எக்ஸ்ட்ரா டிக்கெட் ஏதாவது ஒண்ணுதான் எடுக்க முடியும்னா மாடி மியூசியம் எடுங்க. 1204ல கான்ஸ்டான்டிநோபிள்ல இருந்து கொள்ளையடிச்சுட்டு வந்த நாலு வெண்கலக் குதிரை அங்கதான் இருக்கு, வெளில முகப்புல நிக்கறது நகல். நெப்போலியன் அதை பாரிஸுக்குத் தூக்கிட்டுப் போய் 1815ல திரும்பி வந்துச்சு. தங்க மொசைக்கையும் மாடில இருந்து கிட்டக்க பாக்கலாம்.

சதுக்கத்துல இருக்கற மணிக்கோபுரத்துக்கு லிஃப்ட் இருக்கு, க்யூவும் இருக்கு. (இது 1902ல அப்படியே சரிஞ்சு விழுந்து, 1912ல அதே மாதிரி திரும்பக் கட்டினது.) என் சாய்ஸ் எதிர்த்தீவு சான் ஜோர்ஜோ மஜ்ஜோரே கோபுரம், லைன் 2ல ஒரே ஸ்டாப், கூட்டம் கம்மி, அங்கிருந்து பாத்தா சான் மார்க்கோவும் சேர்ந்து தெரியும்.

ரியால்தோ பக்கம் போனா மலிப்ரான் தியேட்டர் பின்னாடி கோர்த்தே செகொண்டா தெல் மிலியோன்னு ஒரு சின்ன முற்றம் இருக்கு, மார்க்கோ போலோ குடும்பத்து வீடு இருந்த இடம். 13ஆம் நூற்றாண்டுக் கடைசில நம்ம பாண்டிய நாட்டுக்கு வந்து, காயல் துறைமுகத்தையும் முத்துக் குளிக்கறதையும் ராஜாக்கள் வருஷா வருஷம் குதிரை இறக்குமதி பண்ணினதையும் விவரமாச் சொன்ன மனுஷன். கூட்டமே இருக்காது, தமிழாளுங்க கட்டாயம் போகணும்.

ஸ்டெப் 7: சாப்பாடு, தண்ணி

பாக்கரோன்னு சின்னக் கடைங்க, அங்க சிக்கெத்தின்னு குட்டிக்குட்டி பலகாரம், நின்னுக்கிட்டே சாப்பிடறது. நிறைய மீன்தான், சைவம்னா சீஸ், கத்திரிக்காய், ஆர்ட்டிச்சோக் வச்ச ரொட்டித் துண்டு கேளுங்க. தண்ணி பாட்டில் வாங்காதீங்க, கேம்போல இருக்கற குழாய்த் தண்ணி குடிக்கறதுதான். இலையுதிர் காலம், குளிர்காலத்துல போறவங்க அக்வா ஆல்தா, அதான் கடல் ஏறி வர்ற வெள்ளம், அதோட அறிவிப்பப் பாத்துக்கோங்க. 2020ல இருந்து மோசே தடுப்புக் கதவு வந்ததால பெரிய வெள்ளம் உள்ள வர்றதில்ல, சான் மார்க்கோ சதுக்கம் மட்டும் தாழ்வுங்கறதால அப்பப்ப நனையும்.

ஸ்டெப் 8: திரும்பறது

ஏர்போர்ட் பஸ் பியாத்சாலே ரோமால இருந்து கிளம்பும், பஸ் வர்ற எல்லை அதுதான். ஏர்போர்ட்டுக்குப் போற அலிலகுனா படகுல வாப்பொரெட்டோ பாஸ் செல்லாது, தனி டிக்கெட். ஃபிளைட் டிக்கெட்ல மார்க்கோ போலோ ஏர்போர்ட்டா த்ரெவீசோவானு ஒரு தடவை பாத்துக்கோங்க, மலிவு ஃபிளைட் நிறைய த்ரெவீசோல இருந்துதான், அதுக்கு பஸ்ஸே வேற, கூடுதல் நேரம் வேணும்.