அடுப்படியில் கை வைக்கும் முன்: தோட்டப்புற நகரில் குடும்பச் செலவைக் குறைக்கும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டைப் போன்ற தோட்டப்புற நகரங்களில், சம்பளம் போதாமல் போகும் மாதத்தில் முதல் வெட்டு விழுவது அடுப்படியில்தான். மீன் குறையும், பிள்ளைகளுக்கான முட்டை பாதியாகும், ரசமும் நெத்திலிச் சம்பலுமாகவே ஒரு வாரம் ஓடும். இந்த வரிசை தலைகீழானது என்பது என் கருத்து. தோட்டத்து லயன் வீட்டை விட்டுத் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதி வீட்டுக்குக் குடிவந்த குடும்பங்களின் கணக்கைக் கனமாக்குபவை பெரும்பாலும் தவணைகளும் கட்டணங்களுமே. அவற்றைத் தொடாமல் சாப்பாட்டை மட்டும் குறைப்பவர்கள், உடம்பும் இளைத்து, கடனும் குறையாமல், சில மாதங்களில் பழைய நிலைக்கே திரும்பிவிடுகிறார்கள். ஆகவே இந்த வழிகாட்டி தவணையில் தொடங்கி, மின்சாரத்தைப் பார்த்துவிட்டு, அதன் பிறகே சமையலறைக்குள் நுழைகிறது.

முதலில் ஒரு நோட்டுப் புத்தகத்தில், ஒவ்வொரு தொகையும் எந்தத் தேதியில் வீட்டை விட்டு வெளியேறுகிறது என்பதை எழுதுங்கள். எதற்குச் செலவாகிறது என்பதைப் பலர் எழுதுகிறார்கள். எப்போது செலவாகிறது என்பதை எழுதுபவர்கள் குறைவு. சம்பளம் 7ஆம் தேதி வந்து, மோட்டார் தவணை 3ஆம் தேதி கட்ட வேண்டியிருந்தால், இடைப்பட்ட அந்த நான்கு நாளுக்காகவே மாதந்தோறும் யாரிடமாவது கைமாற்று வாங்க நேரிடும். தவணைத் தேதியை மாற்றித் தரும்படி நிறுவனத்திடம் எழுத்து மூலமாகக் கேட்டுப் பார்ப்பதற்குச் செலவு ஏதுமில்லை.

குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் 1,700 வெள்ளி (ரிங்கிட்). அதில் ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடாக 187 வெள்ளியும், தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவுக்கும் வேலை காப்புறுதிக்கும் சிறு தொகைகளும் பிடிக்கப்பட்ட பின் கைக்கு வருவது ஏறக்குறைய 1,500 வெள்ளி. இதில் மோட்டாருக்கு 240, சலவை இயந்திரத்துக்கும் குளிர்பெட்டிக்கும் சேர்த்து 130, கைப்பேசிக்கு 110 என்று வைத்துக்கொண்டால், அரிசி வாங்குவதற்கு முன்பே 480 வெள்ளி, அதாவது கைக்கு வந்ததில் மூன்றில் ஒரு பங்கு, போய்விடுகிறது.

தவணையின் உண்மையான விலையைக் கணக்கிடுவது எளிது. ரொக்கத்துக்கு 1,200 வெள்ளியாகும் சலவை இயந்திரத்தை மாதம் 75 வெள்ளி வீதம் 24 மாதங்களுக்குத் தருகிறார்கள் என்றால், மொத்தம் 1,800 வெள்ளி கட்டுகிறீர்கள். கடைக்காரர் இதை ஆண்டுக்கு 25 விழுக்காடு என்று சொல்லக்கூடும். ஆனால் மாதந்தோறும் அசல் குறைந்துகொண்டே வருவதையும் கணக்கில் கொண்டால், வட்டி மாதத்துக்கு ஏறத்தாழ மூன்றரை விழுக்காடு ஆகிறது. அடகுக் கடைகள் வாங்கக்கூடிய உச்ச வட்டி மாதத்துக்கு 2 விழுக்காடுதான் என்பதை இதன் அருகில் வைத்துப் பாருங்கள். மாதம் 75 வெள்ளியைத் தனியே எடுத்து வைத்தால் 16 மாதங்களில் அதே இயந்திரத்தை ரொக்கத்துக்கு வாங்கிவிடலாம். அதுவரை கையால் துவைப்பதா, சலவை நிலையத்தில் கனத்த துணிகளை மட்டும் போடுவதா என்பதைக் குடும்பம் முடிவு செய்யட்டும்.

ஏற்கெனவே பல தவணைகள் ஓடிக்கொண்டிருந்தால், ஒவ்வொன்றிலும் எத்தனை மாதம் மீதமிருக்கிறது என்று எழுதி, மூன்று மாதங்களுக்குள் முடியக்கூடியதை முதலில் முடித்துவிடுங்கள். அப்படி விடுபடும் தொகையை வேறெதற்கும் திருப்பாமல், வட்டி அதிகமாக உள்ள அடுத்த கடனில் சேர்த்துக் கட்டுங்கள். முன்கூட்டியே முடித்தால் மீதி வட்டியில் தள்ளுபடி உண்டா என்பதையும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 2024 மே மாதம் முதல் சேமநிதிச் சந்தாவில் 10 விழுக்காடு எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய நெகிழ்வுக் கணக்குக்குச் செல்கிறது. மாதப் பற்றாக்குறைக்காக அதைத் தொடுவதை நான் ஏற்க மாட்டேன். ஆனால் தள்ளுபடி கிடைக்குமானால், மாதம் மூன்றரை விழுக்காடு தின்னும் கடனை அடைக்க அதை எடுப்பதில் கணக்களவில் பிழையில்லை, ஏனெனில் 2024ஆம் ஆண்டுக்குச் சேமநிதி அறிவித்த லாப ஈவே ஆண்டு முழுமைக்கும் 6.30 விழுக்காடுதான்.

கடனுக்கு வாங்கும் சாமான்களைக் குறித்து வைக்கும் மளிகைக் கடையின் 555 புத்தகக் கணக்கு வேறு வகையானது. அதில் வட்டி எழுதப்படுவதில்லை என்பதால் பலர் அதைக் கடனாகவே எண்ணுவதில்லை. ஆனால் பாக்கி இருக்கும் கடையை விட்டு வேறு கடைக்குப் போக முடியாது; விலையை ஒப்பிடவும் முடியாது; பிள்ளை எடுத்த மிட்டாய் வரை அதில் ஏறிவிடும். ஒரே மாதத்தில் அதை மூடிவிடுவேன் என்று சபதம் எடுப்பவர்கள் அடுத்த மாதம் கையில் காசில்லாமல் மீண்டும் அதே புத்தகத்தைத் திறப்பார்கள். ஒவ்வொரு மாதமும் ஒரே ஒரு பொருளைக் கணக்கிலிருந்து ரொக்கத்துக்கு மாற்றுவதே நிலைக்கக்கூடிய வழி. மாதத்துக்கு ஒரு முறை வாங்கும் பொருள் என்பதால் முதலில் அரிசியையும், அடுத்த மாதம் எண்ணெயையும் சீனியையும், அதன் பிறகு பால்மாவையும் மாற்றுங்கள். கடைக்காரரிடம் இத்திட்டத்தை முன்கூட்டியே மரியாதையாகச் சொல்லிவிட்டு, பழைய பாக்கியில் மாதந்தோறும் ஒரு தொகையைக் கட்டி வந்தால் மனத்தாங்கல் வராது. அவசரக் காலத்தில் கைகொடுப்பவரும் அவரே என்பதால் அந்த உறவைக் கெடுத்துக்கொள்வது புத்திசாலித்தனமல்ல.

அவசரம் வந்தால் என்ன செய்வது? வீட்டில் நகை இருந்தால், உரிமம் பெற்ற அடகுக் கடையில் 1,000 வெள்ளிக்கு மாதம் 20 வெள்ளி வட்டிக்கு மேல் கேட்க முடியாது. மீட்பதற்கு ஆறு மாத அவகாசமும் உண்டு. உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரர் ஈடில்லாக் கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக் கூடாது. மின்கம்பத்தில் ஒட்டியிருக்கும் தொலைபேசி எண்ணுக்கு அழைத்தால் கிடைக்கும் ஆலோங் (உரிமமில்லா வட்டிக்காரர்) பணத்துக்கு இந்த வரம்புகள் எதுவும் கிடையாது. அடையாள அட்டையையோ வங்கி அட்டையையோ கேட்கும் எவரிடமும் போகாதீர்கள். வங்கிக் கடன்கள் கழுத்தை நெரிக்கும் நிலையில், மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006இல் அமைத்த ஏ.கே.பி.கே. கடன் ஆலோசனை நிறுவனம் கட்டணமின்றித் தவணைகளைச் சீரமைக்க உதவுகிறது.

மின்சாரக் கட்டணத்தில் 2025 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த மாற்றத்தைப் புரிந்துகொண்டால், சிறு முயற்சிக்குப் பெரிய பலன் கிடைக்கும். சாதாரண வீட்டுக்கு ஒரு யூனிட்டுக்கான அடிப்படை விலை எல்லாம் சேர்த்து 44.43 சென். அதிலிருந்து, எவ்வளவு குறைவாகப் பயன்படுத்துகிறோமோ அவ்வளவு கூடுதலாகக் கழிவு தருகிறார்கள்: 200 யூனிட் வரை யூனிட்டுக்கு 25 சென், 301 முதல் 350 வரை 21 சென், 351 முதல் 400 வரை 17 சென் என்று 50 யூனிட்டுக்கு ஒரு படியாகக் கழிவு இறங்கிக்கொண்டே போகிறது. இக்கழிவு அந்த மாதத்தின் மொத்தப் பயன்பாட்டுக்கும் சேர்த்துக் கணக்கிடப்படுவதால், படியைத் தாண்டும் அந்த ஒரு யூனிட்தான் விலை மிகுந்தது. சிறு கூடுதல் கட்டணங்களை விட்டுவிட்டுப் பார்த்தால், 350 யூனிட்டுக்குச் சுமார் 82 வெள்ளி. 351 யூனிட்டுக்கோ 96 வெள்ளிக்கும் மேல். 600 யூனிட்டைத் தாண்டினால் மாதம் 10 வெள்ளி சில்லறைக் கட்டணமும் வந்து சேரும்.

ஆகவே பில் வந்த பின் வருந்துவதை விட, மீட்டரை நீங்களே படிப்பதுதான் இங்கே சிக்கனம். பில்லில் உள்ள கடைசி அளவையும் தேதியையும் குறித்துக்கொண்டு, அதிலிருந்து பதினைந்தாம் நாள் மீட்டரைப் பாருங்கள். 180 யூனிட் ஆகியிருந்தால், இதே வேகத்தில் மாதம் 360இல் முடியும். எஞ்சிய இரண்டு வாரத்தில் பத்துப் பன்னிரண்டு யூனிட்டைக் குறைத்தால் கீழ்ப்படியிலேயே நின்றுவிடலாம். ஒரு குதிரைத்திறன் குளிர்சாதனம் மணிக்கு ஏறக்குறைய முக்கால் யூனிட் வரை இழுக்கும்; மின்விசிறிக்கோ இரவு முழுவதும் ஓடினாலும் அரை யூனிட் போதும். குளிர்சாதனத்தைத் தூங்கப் போகும்போது போட்டு, இரண்டு மணி நேரத்தில் தானாக அணையும்படி வைத்து, பிறகு விசிறியில் உறங்கும் குடும்பம், மாதத்துக்கு 100 யூனிட் அளவுக்கு மிச்சப்படுத்த முடியும். விளக்கை அணைக்கச் சொல்லிப் பிள்ளைகளை விரட்டுவதால் கிடைக்கும் மிச்சம் இதற்கு முன் ஒன்றுமேயில்லை.

இனி சமையலறை. உள்நாட்டு வெள்ளை அரிசி 10 கிலோ 26 வெள்ளி, ஒரு கிலோ பாக்கெட் சமையல் எண்ணெய் 2.50, சாதாரணச் சீனி கிலோ 2.85, 14 கிலோ எரிவாயுத் தோம்பு 26.60 என்று அரசு உச்ச விலை வைத்திருக்கும் பொருள்கள் சில உள்ளன. பாக்கெட் எண்ணெயும் உள்நாட்டு அரிசியும் கடைக்கு வந்த அன்றே தீர்ந்துவிடுவதுண்டு. எந்தக் கிழமையில் சரக்கு இறங்குகிறது என்பதைக் கடைப்பையனிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தோம்பை வீட்டுக்குக் கொண்டுவரக் கூலி சேர்ப்பார்கள். மோட்டாரில் கட்டி எடுத்து வருவதைப் பாதுகாப்புக் கருதி நான் பரிந்துரைக்கவில்லை. அரசின் சாரா உதவிக்குத் தகுதி பெற்றிருந்தால், மைகார்டு அடையாள அட்டையில் சேரும் அத்தொகையைப் பதிவு பெற்ற கடைகளில் அரிசி, மாவு, முட்டை போன்ற அடிப்படைப் பொருள்களுக்கே பயன்படுத்துங்கள். அட்டையை வாங்கிக்கொண்டு குறைந்த ரொக்கம் தருவதாகச் சொல்பவரிடம் ஏமாற வேண்டாம்.

பருப்பையும் கடலையையும் இரவே ஊறவைத்து அழுத்தக் குக்கரில் வேகவைத்தால் எரிவாயு கணிசமாக மிஞ்சும். மீன் வாங்குவோர், விலை ஏறிய வகைகளை விட்டுக் கெம்போங், செலார் போன்றவற்றை எடுத்து, அன்றே சுத்தம் செய்து, ஒரு வேளைக்கு உரிய அளவாகப் பிரித்து உறைய வைக்கலாம். பசார் மாலாம் எனும் இரவுச் சந்தையில் கடை கட்டும் நேரத்தில் காய்கறி விலை இறங்குவது உண்மைதான். ஆனால் பசியோடு போனால், காய்கறியில் மிஞ்சிய காசு அப்பாம் பாலிக்கிலும் கரும்புச் சாற்றிலும் கரைந்துவிடும்.

கீரைக்குக் காசு கொடுப்பதுதான் எனக்குப் புரியாத செலவு. தோட்டத்தில் இருந்தவரை லயத்துக்குப் பின்னால் மரவள்ளியும் முருங்கையும் வைத்திருந்தவர்கள், தாமானுக்கு வந்ததும் சிமெண்டுத் தரையைக் காரணம் காட்டிக் கைவிட்டுவிட்டார்கள். கங்கோங் கீரையை விதைத்த மூன்று, நான்கு வாரத்தில் பறிக்கலாம். அடியிலிருந்து இரண்டு விரல் விட்டு வெட்டினால் மீண்டும் துளிர்க்கும். பசலையும் கறிவேப்பிலையும் பழைய சாய வாளியிலேயே வளரும். மரவள்ளியை மட்டும் கவனமாகக் கையாளுங்கள்: கிழங்கைத் தோலுரித்து நன்றாக வேகவைக்க வேண்டும், இலையைக் கொதிக்கவைத்து நீரை வடித்துவிட்டே சமைக்க வேண்டும், ஏனெனில் பச்சையாக அதில் நச்சுத்தன்மை உண்டு. செடிகளுக்கு மழைநீர் பிடித்து வைப்போர் தோம்பை இறுக மூடாவிட்டால் ஏடிஸ் கொசு உற்பத்தியாகும். டெங்கியோடு வரும் செலவு, தண்ணீர் பில்லில் மிஞ்சியதைப் போல் பல மடங்கு.

ஈப்போவில் உள்ள பேரங்காடியில் விலை மலிவு என்று மாதம் பல முறை போய்வருவது பெரும்பாலும் லாபமற்றது. மருத்துவமனைச் சந்திப்போ வேறு வேலையோ இருக்கும் நாளோடு சேர்த்து ஒரே பயணமாக வைத்துக்கொள்ளுங்கள். சளி, காய்ச்சலுக்கு ஒரு வெள்ளி கட்டணத்தில் பார்க்கும் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக் இருக்கும்போது தனியார் கிளினிக்கை நாடுவது, காத்திருக்கும் நேரத்துக்கு நாம் கொடுக்கும் விலை. தினக்கூலியில் இருப்பவருக்கு அது சில நாள் நியாயமாகவும் இருக்கலாம். பள்ளித் தொடக்கத்தில் மாணவருக்குக் கிடைக்கும் 150 வெள்ளி உதவியைச் சீருடைக்கும் காலணிக்கும் என்று ஒதுக்கிவிட்டால் ஜனவரியில் கைமாற்று தேவைப்படாது.

தீபாவளியும் மொய்யும் எதிர்பாராத செலவுகள் அல்ல, தேதி தெரிந்தவை. தீபாவளிக்குக் கடந்த ஆண்டு ஆன தொகையைப் பத்தால் வகுத்து, ஜனவரியிலிருந்து ஒதுக்குங்கள். மொய்க்கு நெருங்கிய உறவு, அக்கம்பக்கம் என்று இரண்டே அளவுகளை வீட்டில் முடிவு செய்து, கணவனும் மனைவியும் அதிலிருந்து மாறாமலிருந்தால் பேச்சு எழுந்தாலும் சில மாதங்களில் அடங்கிவிடும்.

இந்தச் சேமிப்புக்காகப் பலர் கூட்டுப் பணம் (சீட்டுப் பணம்) கட்டுகிறார்கள். மலேசியாவில் கூட்டு நடத்துவது 1971ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. கூட்டை நடத்தும் தலைவி பணத்தோடு மறைந்தால் அதை மீட்பது மிகக் கடினம். சட்டத்துக்கு உட்பட்ட வழி இந்த ஊருக்குப் புதியதல்ல. சுங்கை சிப்புட்டில் பிறந்த மலேசிய இந்தியத் தலைவர் துன் வீ. தி. சம்பந்தன், 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, 100 வெள்ளிப் பங்கை மாதம் 10 வெள்ளியாகக் கட்டித் தோட்டத் தொழிலாளர்கள் உறுப்பினரானார்கள். துண்டாடப்பட்டு விற்பனைக்கு வந்த தோட்டங்களை அந்தப் பணம் வாங்கியது. இன்றும் பதிவு பெற்ற கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ சம்பள நாளன்றே தானாகப் பிடிக்கும்படி எழுதிக் கொடுக்கலாம். வீட்டிலிருந்து தைப்பவர், பலகாரம் செய்து விற்பவர் போன்ற சொந்தத் தொழில் செய்வோர், சேமநிதியின் ஐ-சாரான் திட்டத்தில் பதிவு செய்துகொண்டால், தாமாகக் கட்டும் தொகைக்கு 20 விழுக்காடு, ஆண்டுக்கு 500 வெள்ளி வரை, அரசு சேர்த்துத் தருகிறது. மாதம் 50 வெள்ளி கட்டுபவருக்கு அது ஆண்டில் 120 வெள்ளி.