கரடி கறுப்புதான், ஆனால் பெயரில் கறுப்பு இல்லை

விலங்குகளின் அறிவியல் பெயர்களுக்குத் தமிழில் பொருள் எழுதிப் பழகும் இளைஞர்கள், தங்கள் குறிப்புகளை எனக்கு அனுப்புவார்கள். ஆரம்பத்தில் நான் செய்த தவறுகளே அவற்றில் அப்படியே திரும்ப வருகின்றன. எழுத்துப்பிழைகள் போகப்போகச் சரியாகிவிடும், அவற்றை விடுங்கள்.

காதை நம்பிப் பிரிப்பது

நம் ஊர்க் கரடி மெலர்சஸ் அர்சினஸ். கிரேக்கத்தில் 'மெலாஸ்' என்றால் கறுப்பு, லத்தீனில் 'அர்சஸ்' என்றால் கரடி. கரடியும் கறுப்புதானே! 'கருங்கரடி' என்று எழுதிக் கொடுத்தேன், கையேடு 500 பிரதி அச்சாகி வந்துவிட்டது. அப்புறம்தான் தெரிந்தது, அது 'மெல்', அதாவது தேன் என்று. 500 பிரதியிலும் திருத்தச் சீட்டு ஒட்டி முடிக்க இரண்டு இரவுகள் ஆயின. இன்றும் யாராவது 'கருங்கரடி' என்று எழுதி அனுப்பினால் எரிச்சல் வருகிறது. ஒரு நிமிடம் சோதித்தால் பிடிபடும் தவறு இது. மெலாஸ் வேறு சொல்லோடு சேரும்போது 'மெலன்' ஆகும். பாண்டாவின் பெயரைப் பாருங்கள்: ஐலுரோபோடா மெலனோலூக்கா. மெலன் கறுப்பு, லூகோஸ் வெள்ளை. மெலர்சஸில் அந்த 'ன்' எங்கே? மூக்கைக் குறிக்கும் 'ரிஸ்' கூட, காண்டாமிருகத்தின் ரைனோசெரஸில் 'ரைனோ' ஆகித்தான் நிற்கிறது.

புலி, சிங்கம், சிறுத்தை ஆகியவற்றின் பேரினப் பெயரான பாந்தெராவும் இப்படித்தான். 'பான்' என்றால் எல்லாம், 'தேர்' என்றால் விலங்கு என்று பிரிப்பது மிகப் பழைய கதை. கிரேக்கர்களே கிழக்கிலிருந்து வாங்கிய சொல்லாக அது இருக்கலாம் என்கிறார்கள் மொழியியலாளர்கள். பொருள் விலங்கோடு அழகாகப் பொருந்தும்போதுதான் கூடுதலாகச் சந்தேகப்பட வேண்டும்.

பெயரை வர்ணனையாக எடுத்துக்கொள்வது

பாசிலோசாரஸ் என்றால் அரசப் பல்லி. 1834இல் ரிச்சர்ட் ஹார்லன் அதைக் கடல்வாழ் ஊர்வன என்று நினைத்து வைத்த பெயர். பிறகு ரிச்சர்ட் ஓவன் அதன் பற்களை ஆராய்ந்து, பாலூட்டி என்று காட்டினார். அது ஒரு பழங்காலத் திமிங்கிலம். முதலில் வைத்த பெயருக்கே முன்னுரிமை என்பதால் 'பல்லி' இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நீலகிரி வரையாட்டின் பெயரில் வரும் ஹைலோக்ரியஸ் 'காட்டுக் கடா' என்று பொருள்படும். 'ஹைலே' மரங்கள் நிறைந்த காடு. வரையாடு மேய்வதோ மலையுச்சிப் புல்வெளியிலும் பாறைச் சரிவிலும். சரி, பொருளை எழுதுங்கள், ஆனால் வாழிடத்தை அதிலிருந்து எடுக்காதீர்கள்.

குடும்பப் பெயர்

விலங்குக் குடும்பத்தின் பெயர், பேரினப் பெயரின் அடிச்சொல்லிலிருந்து அமையும். கிரேக்கத்தில் 'பூஸ்' என்றால் பாதம் (பெயர்களின் முடிவில் 'பஸ்' என வரும்), அடிச்சொல் 'பொட்'. அதனால் பழந்தின்னி வௌவாலான டெரோபஸின் குடும்பம் டெரோபோடிடே, டெரோபிடே அல்ல.