ஓங்கு, ஒடுங்கு பண்புகள்: பிள்ளைகள் எங்கே தடுமாறுகிறார்கள்?

படிவம் ஐந்து உயிரியலில் பரம்பரைப் பாடம் வந்ததும், செந்தூலானாலும் பிரிக்பீல்ட்ஸானாலும் டியூஷன் வகுப்புகளில் மரபியலுக்கு அடிகோலிய மெண்டலின் பட்டாணியைத்தான் எடுப்போம். பெற்றோரிடமிருந்து வரும் மரபணுக்கள் பிள்ளைகளில் எப்படிச் சேரும் என்று காட்டும் கட்டத்தைப் போட்டு நிரப்புவது மாணவர்களுக்குச் சீக்கிரம் வந்துவிடும். அந்தக் கட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டால்தான் சிக்கல். பட்டாணிச் செடியை நேரில் பார்த்த பிள்ளைகள் இங்கே குறைவு. ஆனால் கோலாலம்பூரைத் தாண்டி பந்திங் பக்கம் போனால் சாலை நெடுக செம்பனை நிற்கிறது. நம்மில் பலருடைய தாத்தா குலை வெட்டிய, பாட்டி உதிர்ந்த பழம் பொறுக்கிய மரம் அது. அதை வைத்தே பார்க்கலாம்.

அடிக்கடி வரும் தவறு, ஓங்கு பண்பு என்றால் அதிகமாகக் காணப்படும் பண்பு என்று நினைப்பது. செம்பனைக் காய் பெரும்பாலான மரங்களில் கறுப்பு கலந்த ஊதாவாக இருக்கும். சில மரங்களில் மட்டும் பச்சையாக இருந்து, பழுத்ததும் ஆரஞ்சு நிறமாகும். எது ஓங்கு என்று கேட்டால், “கறுப்புதானே சார், அதுதானே எங்கேயும் இருக்கு” என்பார்கள். உண்மையில் பச்சைதான் ஓங்கு. அந்த அல்லீலை, அதாவது மரபணுவின் அந்த வடிவத்தை, சுமக்கும் மரங்கள் குறைவு, அவ்வளவுதான். ஒரே செடிக்குள் இரண்டு வேறு அல்லீல்கள் சேர்ந்தால் எதன் விளைவு வெளியே தெரியும் என்பதைத்தான் ஓங்குத்தன்மை சொல்கிறது. அப்போது வெளியே தெரியாமல் போவது ஒடுங்கு. ஊரில் எது அதிகம், எது நல்லது என்பதெல்லாம் வேறு கேள்விகள்.

இன்னொன்று, ஓங்கு அல்லீல் மற்றதை அடக்கி வைக்கிறது என்ற எண்ணம். மெண்டலின் பட்டாணியில் உருண்டை விதை ஓங்கு, சுருங்கிய விதை ஒடுங்கு. இதைத் தீர்மானிக்கும் மரபணு 1990-இல் அடையாளம் காணப்பட்டது. ஸ்டார்ச்சைக் கிளை கிளையாகக் கட்டும் ஒரு நொதியை அது உருவாக்க வேண்டும். ஒடுங்கு அல்லீலில் வேறொரு டிஎன்ஏ துண்டு நடுவில் புகுந்து அதைக் கெடுத்துவிட்டது. நொதி இல்லாத விதையில் சர்க்கரை சேரும், தண்ணீரும் கூடுதலாக ஏறும். காயும்போது தோல் சுருங்கிவிடும். நல்ல பிரதி ஒன்று இருந்தாலே விதை உருண்டையாக இருக்கப் போதுமான நொதி கிடைக்கிறது. இங்கே யாரும் யாரையும் அடக்கவில்லை. இந்த ஒரு விளக்கத்தைப் பாடத்தின் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் பாதிக் குழப்பம் தீரும் என்பது என் உறுதியான எண்ணம்.

இரண்டு வகை அல்லீலும் கொண்ட செடிகளைக் கலந்தால் ஓங்கு, ஒடுங்கு பண்புகள் 3:1 என்ற விகிதத்தில் வரும் என்று கட்டம் காட்டும். 3:1 என்றால் நான்கில் மூன்று கட்டாயம் என்று பொருளில்லை. மெண்டல் எண்ணியது 7,324 விதைகள்: 5,474 உருண்டை, 1,850 சுருங்கியவை. நான்கே விதைகளை எடுத்தால், நான்கும் உருண்டையாக இருக்க ஏறக்குறைய 32 விழுக்காடு வாய்ப்பு உண்டு.

எல்லாப் பண்பும் இந்த இரண்டு வகைக்குள் அடங்கிவிடும் என்று நம்புவதும் தவறு. வீட்டு வாசலில் பூக்கும் அந்திமந்தாரையில் சிவப்பையும் வெள்ளையையும் கலந்தால் இளஞ்சிவப்பு வரும். செம்பனையின் ஓடும் இப்படித்தான். டியூரா என்ற வகைக்கு விதையைச் சுற்றித் தடித்த ஓடு, பிசிஃபெரா என்ற வகைக்கு ஓடே இல்லை, இரண்டும் சேர்ந்த டெனெராவுக்கு மெல்லிய ஓடு. ஓடு மெலிந்தால் எண்ணெய் தரும் சதை கூடும். 1941-இல் காங்கோவில் பெய்ர்னார்ட், வான்டர்வெயன் என்ற ஆய்வாளர்கள் இதை விளக்கிய பிறகுதான் தோட்டங்கள் டெனெராவுக்கு மாற வழி பிறந்தது. 2013-இல் மலேசிய செம்பனை வாரியத்தின் ஆய்வாளர்கள் அந்த மரபணுவையே கண்டுபிடித்தார்கள்.

சரி, டெனெரா நன்றாகக் காய்க்கிறதே, உதிர்ந்த விதையை முளைக்கப் போட்டால் என்ன? சுற்றிலும் டெனெராவாக இருந்தால் கன்றுகளில் சுமார் பாதிதான் டெனெராவாகும். கால் பங்கு டியூரா, கால் பங்கு பிசிஃபெரா. பிசிஃபெராவின் குலைகள் பெரும்பாலும் முதிராமலே அழுகிவிடும். நட்டு மூன்று ஆண்டு காத்திருந்த பிறகுதான் அது தெரியவரும். செம்பனையை 25 ஆண்டு வைத்திருப்பார்கள், அதனால் விதையில் மிச்சம் பிடிக்கும் காசு பெரிய நட்டத்தில் முடியும்.

விதையின் ஓட்டைப் பார்த்துக் கன்றைத் தீர்மானிப்பதும் கூடாது. பட்டாணி விதையின் உருண்டை வடிவம் உள்ளிருக்கும் கருவின் பண்பு. செம்பனையின் ஓடோ தாய் மரத்தின் திசு. டியூரா தாயில் பிசிஃபெரா மகரந்தம் இட்டுப் பெற்ற டெனெரா விதைக்குத் தடித்த ஓடுதான் இருக்கும். கணக்குப் போடும் முன், இந்தப் பண்பு எந்தத் தலைமுறையுடையது என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

தேர்வுத் தாளில் மதிப்பெண் போவது பெரும்பாலும் சின்ன விஷயங்களில். கலப்பு வரைபடத்தில் இனச்செல்லை (ஆண் அல்லது பெண் பாலணுவை) குறிக்கும் வட்டத்துக்குள் அல்லீலைக் குறிக்கும் எழுத்து இரண்டை எழுதிவிடுவார்கள். ஒன்றுதான் வர வேண்டும். அப்புறம், சி, எஸ் போல ஆங்கிலத்தில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒரே சாயலில் இருப்பவற்றைத் தவிருங்கள். ஆர், டி போன்றவற்றைத் தெளிவாக எழுதினால் திருத்துபவருக்கும் சந்தேகம் வராது.