ரிவ்யூ வரும் முன் இரண்டு கிராஃபிக்ஸ் கார்டுகளை எடைபோடுவது எப்படி?

2025 ஜனவரியில் லாஸ் வேகஸில் நடந்த சிஇஎஸ் மின்னணுப் பொருள் கண்காட்சி மேடையில், 549 டாலருக்கு வரப்போகும் ஆர்டிஎக்ஸ் 5070 பழைய 4090-இன் செயல்திறனைத் தரும் என்றார் என்விடியாவின் தலைமை அதிகாரி ஜென்சன் ஹுவாங். 4090-இல் 16,384 கோர்கள் (கணக்குப் போடும் சிறு அலகுகள்). 5070-இல் 6,144. மார்ச் மாதம் ரிவ்யூக்கள் வந்தபோது அது முந்தைய தலைமுறையின் 4070 சூப்பரை ஒட்டித்தான் நின்றது. என்விடியாவே வெளியிட்ட வரைபடத்தை வைத்து இந்த முடிவுக்கு ஜனவரியிலேயே வந்திருக்கலாம். எதிரணியில் இருந்த ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9070, 9070 எக்ஸ்டி இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

வரைபடத்தில் பட்டைகளைப் பார்ப்பதற்கு முன் அடியில் இருக்கும் பொடி எழுத்தைப் படியுங்கள். 5070 வரைபடத்தின் பெரும்பாலான பட்டைகளில் புதிய கார்டுக்கு 4 மடங்கு ஃபிரேம் ஜெனரேஷன், பழைய 4070-க்கு 2 மடங்கு. 4 மடங்கு என்றால் கார்டு உண்மையில் வரைவது ஒரு ஃபிரேம் (திரையில் தோன்றும் ஒரு படம்), இடையில் ஊகித்துச் செருகுவது மூன்று. திரையில் 120 எஃப்பிஎஸ் (நொடிக்கு 120 ஃபிரேம்) ஓடினாலும் மவுஸ் அசைவுக்கு கேம் பதில் சொல்வது 30 ஃபிரேமுக்குரிய வேகத்தில்தான்.

ஆகவே ஒவ்வொரு பட்டையையும் அதன் மடங்கால் வகுத்துவிடுங்கள். 4070-இன் பட்டை 100, 5070-இன் பட்டை 200 என்று வைத்துக்கொள்வோம். 100-ஐ 2-ஆல் வகுத்தால் 50. 200-ஐ 4-ஆல் வகுத்தாலும் 50. இரட்டிப்பு என்று காட்டிய இடத்தில் வரையப்பட்ட ஃபிரேம்கள் ஒரே அளவு! ஃபிரேம்களைச் செருகும் வேலைக்கே கொஞ்சம் சக்தி செலவாவதால் இந்தக் கணக்கு துல்லியமானதல்ல. ஆனாலும் உண்மையான முன்னேற்றம் எந்த அளவில் இருக்கும் என்று காட்டிவிடும்.

அடுத்து, ஃபிரேம் ஜெனரேஷன் இல்லாத பட்டையைத் தேடுங்கள். என்விடியா வரைபடத்தில் ஃபார் க்ரை 6 அப்படிப்பட்டது: ரே டிரேசிங் (ஒளிக்கதிர்களைப் பின்தொடர்ந்து வரைவது) மட்டும், ஃபிரேம் ஜெனரேஷனையும் உள்ளடக்கிய என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் கிடையாது. படத்தை பெயிண்ட் போன்ற மென்பொருளில் திறந்து, பூஜ்ஜியக் கோட்டிலிருந்து பட்டை முடியும் இடம்வரை பிக்சல்களை எண்ணுங்கள். கோடு பூஜ்ஜியத்தில் தொடங்காத வரைபடமென்றால் தூக்கிப் போடுங்கள். இங்கே 5070-இன் பட்டை 4070-ஐவிட ஏறத்தாழ 30 சதவீதம் நீளம். விற்பவரே பொறுக்கி எடுத்த கேம் அது என்பதால் இதை உச்சவரம்பாகவே கொள்ளவேண்டும். ரிவ்யூக்களின் சராசரி 20 முதல் 25 சதவீதத்தில் வந்து நின்றது.

இரு நிறுவனங்களும் தத்தம் பழைய கார்டோடுதான் ஒப்பிடுகின்றன. அதனால் நடுவில் ஒரு பாலம் வேண்டும்: ஏற்கெனவே பல ரிவ்யூக்களில் அளந்து முடித்த ஒரு பழைய கார்டு. பிப்ரவரி 28 அன்று ஏஎம்டி சொன்ன கணக்கு, 4கே திரைத் தெளிவில் தன் பழைய கார்டான 7900 ஜிஆர்இ-யைவிட 9070 எக்ஸ்டி 42 சதவீதமும் 9070 21 சதவீதமும் வேகம் என்பது. அந்த ஜிஆர்இ, ரே டிரேசிங் இல்லாத கேம்களில் 4கே-யில் 4070 சூப்பருக்கு ஏறக்குறைய சமம். எனவே 9070 என்பது 4070 சூப்பரைப்போல் 1.21 மடங்கு. 4070 சூப்பர் சாதா 4070-ஐவிட சுமார் 16 சதவீதம் வேகம். 5070-இன் 1.30-ஐ 1.16-ஆல் வகுத்தால் 1.12; 5070 அதிகபட்சம் 4070 சூப்பரைப்போல் அத்தனை மடங்கு. 1.21-ஐ 1.12-ஆல் வகுத்தால் 1.08. 9070 கொஞ்சம் முந்தும் என்று தெரிகிறது. ரிவ்யூக்களும் ஏறக்குறைய அதையே சொல்லின.

இதில் இரண்டு இடங்களில் கால் இடறும். சதவீதங்களைக் கழிக்கக்கூடாது: 42-இல் 21 போனால் மீதி 21 என்பது தவறு. 1.42-ஐ 1.21-ஆல் வகுத்தால் 1.17, அதாவது எக்ஸ்டி 9070-ஐவிட 17 சதவீதம்தான் வேகம். இன்னொன்று, ஏஎம்டியின் பட்டியலில் ரே டிரேசிங் கேம்களும் கலந்திருந்தன. இந்தத் தலைமுறையில் ரே டிரேசிங் கூடுதலாக முன்னேறியதால் சராசரி மேலே இழுக்கப்பட்டது. இரண்டு வகையையும் தனித்தனியே எழுதிச் சராசரி எடுங்கள். கேம் பட்டியல் தராமல் "1.7 மடங்கு வரை" என்று மட்டும் சொன்னால் அதைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். 2022-இல் 7900 எக்ஸ்டிஎக்ஸ் பற்றி ஏஎம்டி "1.7 மடங்கு வரை" என்றது; ரிவ்யூக்களின் சராசரி அந்த உயரத்தை எட்டவில்லை.

கோர் எண்ணிக்கையை நிறுவனம் தாண்டி ஒப்பிடுவது வீண்வேலை. 6,144 கோர் உள்ள 5070-ஐ 4,096 கோர் உள்ள 9070 எக்ஸ்டி தாண்டியது. நொடிக்கு எத்தனை கணக்கு போடும் என்று காட்டும் டெராஃபிளாப்ஸ் அதைவிட மோசம். நினைவக வேகமும் (5070-இல் நொடிக்கு 672 ஜிபி, 9070-இல் 640 ஜிபி) கேஷ் (சிப்புக்குள்ளேயே இருக்கும் சிறு நினைவகம்) அளவு வேறுபடுவதால் தனியாக எதையும் முடிவுசெய்யாது. முன்கூட்டியே கசியும் கீக்பெஞ்ச் (வேகச் சோதனை மென்பொருள்) மதிப்பெண்கள் கேமிங்குக்கு உதவாது.

விவரப்பட்டியலில் அப்படியே நம்பக்கூடியது விரேம் (கார்டின் சொந்த நினைவகம்) அளவுதான். 5070-க்கு 12 ஜிபி, 9070 இரண்டுக்கும் 16. 4கே-யில் பாத் டிரேசிங்கோடு (ரே டிரேசிங்கின் கனமான வடிவம்) இண்டியானா ஜோன்ஸ் போன்ற கேமை ஓட்டினால் 12 ஜிபி திணறும். விரேம் நிரம்பினால் சராசரி எஃப்பிஎஸ் நன்றாகவே தெரிந்தாலும் படம் திக்கித் திக்கி ஓடும். 4கே-யைவிடக் குறைந்த 1440பி தெளிவுக்கு இன்றைக்கு 12 போதும். ஐந்து வருடம் வைத்திருப்பதாக இருந்தால் 16 எடுப்பதே நல்லது.

மின்சாரத்தில் 9070 220 வாட், 5070 250, எக்ஸ்டி 304. எக்ஸ்டி-க்கு 750 வாட் பவர் சப்ளை வேண்டும். மற்ற இரண்டுக்கும் 650 போதும். விலையில், மேடையில் சொல்லும் டாலர் தொகையில் வரி சேராது. இந்தியாவில் 18 சதவீத ஜிஎஸ்டி வரும், பிறகு கடைக்காரர் விலை. வேகத்தைக் கடை விலையால்தான் வகுக்கவேண்டும்.

ரிவ்யூ எப்போது வெளிவர அனுமதிக்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். 2025 மே மாதம் ஆர்டிஎக்ஸ் 5060 விற்பனைக்கு வரும்வரை ரிவ்யூ செய்பவர்களுக்குப் பொதுவான டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) கிடைக்கவில்லை. அதற்கு முந்தைய மாதம் 5060 டிஐ வந்தபோது என்விடியா அவர்களுக்கு 8 ஜிபி மாடலை அனுப்பவில்லை. இப்படி நடந்தால் முன்பதிவு வேண்டாம், மேலே போட்ட கணக்கும் வேண்டாம். 5070-க்கு நடந்ததுபோல் விற்பனைக்கு முந்தைய நாள் ரிவ்யூ வருமானால் உங்கள் கணக்கை ஒரு தாளில் தயாராக வைத்திருங்கள். 4070 சூப்பரும் 7900 ஜிஆர்இ-யும் ஒரே வரைபடத்தில் இருக்கும் ரிவ்யூவைத் திறந்து, பாலம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கட்டுங்கள்.