ஹைபிரிட் கார்: வாங்கும்போதும் ஓட்டும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எரிபொருள் இன்ஜினோடு மின் மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்த கார்தான் ஹைபிரிட். அப்படிப்பட்ட டொயோட்டா பிரியஸ் 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அன்று முதல் இன்று வரை ஹைபிரிட் தொழில்நுட்பம் நன்றாகவே தேறிவிட்டது. அப்படியும் 'சொன்ன மைலேஜ் வரவில்லை' என்ற குறை அடிக்கடி காதில் விழுகிறது. பெரும்பாலும் கோளாறு காரில் இருப்பதில்லை. தங்கள் பாதைக்குப் பொருந்தாத காரை வாங்கிவிடுகிறார்கள்.

சாதாரண காரில் பிரேக் பிடித்தால் வண்டியின் வேகமெல்லாம் சூடாகி வீணாகும். ஹைபிரிட்டில் அந்த நேரத்தில் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும். மறுபடி நகரும்போது அந்த மின்சாரம் கைகொடுக்கும். அதனால்தான் சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகும் நகரச் சாலையில் எரிபொருள் நன்றாக மிச்சமாகிறது. நெடுஞ்சாலையில் மணிக்கு 100 கிலோமீட்டரில் சீராகப் போகும்போது பிரேக்குக்கு வேலையே இல்லை. திரும்பப் பெறவும் ஒன்றுமில்லை. அங்கே பெரும்பாலும் இன்ஜின்தான் வண்டியை இழுக்கிறது. தினமும் நீண்ட தூரம் நெடுஞ்சாலையில் போகிறவர் நகர மைலேஜை நம்பிக் கூடுதல் பணம் கொடுப்பதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. கூடுதல் விலையை ஒரு வருட எரிபொருள் மிச்சத்தால் வகுத்துப் பாருங்கள், அதுவும் உங்கள் வழக்கமான பாதையை வைத்து. குறைவாக ஓட்டுபவருக்குப் போட்ட காசு திரும்ப ரொம்ப வருடம் ஆகும்.

அடுத்து, ஹைபிரிட் என்று எழுதியிருந்தால் எல்லாம் ஒன்று என நினைப்பது. மைல்டு ஹைபிரிட்டில் மோட்டார் இன்ஜினுக்குத் தோள் கொடுக்கும், அவ்வளவுதான். பொதுவாகத் தனியாக வண்டியை ஓட்டாது. ஸ்ட்ராங் ஹைபிரிட் குறைந்த வேகத்தில் இன்ஜினை அணைத்துவிட்டு மின்சாரத்திலேயே போகும். பிளக்-இன் ஹைபிரிட்டில் பேட்டரி பெரியது, வெளியிலிருந்து சார்ஜ் போட வேண்டும். வீட்டில் சார்ஜ் போட வசதி இல்லாமல் பிளக்-இன் வாங்குவது எனக்குச் சுத்தமாகப் புரியாத முடிவு. சார்ஜ் இல்லாத அந்தப் பெரிய பேட்டரியின் எடையையும் இன்ஜின்தானே இழுக்க வேண்டும்?

பேட்டரி போய்விடுமோ என்று பலருக்கும் பயம். பல நிறுவனங்கள் அதற்கு 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி தருகின்றன. பயப்படுவதை விடக் கவனிப்பது மேல். பின் சீட்டின் பக்கவாட்டிலோ அடியிலோ சின்னக் கம்பித்தட்டி போன்ற ஒரு காற்றுத் துவாரம் பல மாடல்களில் இருக்கும். பேட்டரியைக் குளிரவைக்கும் காற்று அதன் வழியாகத்தான் போகிறது. அதன்மேல் பையை வைத்து அடைத்தாலும், தூசியும் நாய் முடியும் சேர்ந்தாலும் பேட்டரி சூடேறி ஆயுள் குறையும். ஒவ்வொரு சர்வீஸிலும் அந்தத் துவாரத்தின் வடிகட்டியைச் சுத்தம் செய்தார்களா என்று கேளுங்கள்.

சின்ன 12 வோல்ட் பேட்டரியையும் மறக்கக் கூடாது. காரின் கம்ப்யூட்டர்களை எழுப்புவது அதுதான். வாரக்கணக்கில் வண்டியை எடுக்காமல் விட்டால் அது இறங்கிவிடும். அப்புறம் பெரிய பேட்டரியில் எவ்வளவு சார்ஜ் இருந்தும் கார் அசையாது.

ஓட்டும்போது கடைசி நொடியில் அழுத்திப் பிரேக் பிடிப்பது இன்னொரு தவறு. மோட்டாரால் ஓரளவு வேகத்தைத்தான் உள்வாங்க முடியும். மிச்சத்தைச் சாதாரண பிரேக் தேய்த்துச் சூடாக்கிவிடும். சிவப்பு விளக்கு தூரத்தில் தெரியும்போதே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து பிரேக்கை மெல்ல அழுத்தினால், டாஷ்போர்டில் சார்ஜ் முள் ஏறுவதைப் பார்க்கலாம். பல ஸ்ட்ராங் ஹைபிரிட்களில் நியூட்ரலில் போட்டு நின்றால் பேட்டரி சார்ஜ் ஆகாது. எனவே நெரிசலில் டிரைவ் (D) கியரிலேயே இருங்கள். பிரேக் பேட் குறைவாகத் தேய்கிறதே என்று பிரேக் சோதனையைத் தள்ளிப்போடவும் வேண்டாம். அதிகம் உரசாத டிஸ்க்கில் துரு பிடிக்கும்.

நின்றிருக்கும்போது இன்ஜின் சத்தம் இல்லாததால், கார் ஆனில் இருப்பதையே மறந்து இறங்கிவிடுகிறவர்களும் உண்டு. மூடிய கேரேஜில் இது ஆபத்து: சார்ஜ் குறைந்ததும் இன்ஜின் தானாகக் கிளம்பும், புகையில் கார்பன் மோனாக்சைடு வரும். இறங்கும் முன், கார் ஆனில் இருப்பதைக் காட்டும் டாஷ்போர்டின் ரெடி (READY) விளக்கு அணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பழைய ஹைபிரிட் வாங்கினால், நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் பேட்டரி சோதனை அறிக்கை வாங்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். பானெட்டுக்குள் ஆரஞ்சு நிறத்தில் போகும் கேபிள்கள் உயர் மின்னழுத்தம் உள்ளவை. பயிற்சி பெறாத மெக்கானிக்கை அவற்றில் கைவைக்க விடாதீர்கள்.